பில்லில் எழுதாத பத்து ரூபாய்

பங்குனி புனர்பூசத்தன்று திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம். பெண், சுயசாம்பிகை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களாக ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் திருவையாற்றிலிருந்து கொள்ளிடம் தாண்டி வந்து இறங்குவார்கள். ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்’ என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதனால் வரன் தள்ளிப்போகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து முன்வரிசையில் நிறுத்துவார்கள். தாலி ஏறிக் கூட்டம் கலைந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும்.

அந்த நேரத்தில் எந்த டிபன் கடைக்குள் நுழைந்தாலும் ஒரே காட்சிதான். தோசைக்கல் ஓயாது. உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்குப் பின்னால் அடுத்து உட்காரப் போகிறவர் நின்றுகொண்டிருப்பார். சப்ளையரின் இடது கையில் முழங்கை வரை தட்டுகள், வலது கையில் மூன்று குழி சட்னி வாளி. யாருக்குக் கெட்டிச் சட்னி, யாருக்கு நெய் வேண்டாம், எந்தக் குழந்தை காரம் தாங்காது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். சாப்பிட்டு எழுந்தால் நின்ற இடத்திலிருந்தே கல்லாவைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: “இட்லி ரெண்டு செட்டு, ஊத்தப்பம் ஒண்ணு, வடை ரெண்டு, காபி ரெண்டு… நூத்தி நாப்பது!” காகிதம் கிடையாது, கணக்கும் தப்பாது.

என் அப்பா இந்த இடத்தில் ஒரு சின்ன நாடகம் நடத்துவார். கல்லாவில் பணம் கட்டி, மிச்சக் காசை வாங்கி எண்ணிப் பார்த்து, அதிலிருந்து ஒரு நாணயத்தை மட்டும் விரலிடுக்கில் வைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போவார். சப்ளையரைத் தேடிப் பிடித்து, கையில் வைத்து, “டீ சாப்பிடுங்க தம்பி” என்பார். ஒருமுறை நான் சோம்பேறித்தனமாக அந்தக் காசை இலை ஓரத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீடு வரை திட்டு. “எச்சியோட சேத்து எடுக்க வைக்கிறியா அவன? கையில குடுடா.”

டிப்ஸ் கொடுப்பது பற்றி நான் படித்த முதல் பாடமும் கடைசிப் பாடமும் அதுதான். எவ்வளவு கொடுப்பது என்று அவர் சொன்னதே இல்லை, எப்படிக் கொடுப்பது என்பதில் மட்டும் கறாராக இருந்தார்.

இப்போது அதே மாதிரிக் கடைகளில் கல்லா மேசையில் ஒரு ஒலிப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. செல்போனை நீட்டி, கட்டத்தை ஸ்கேன் செய்து, தொகையைத் தட்டினால் “நூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது” என்று செந்தமிழில் ஒரு பெண் குரல் அறிவிக்கிறது. நூற்று நாற்பது என்றால் நூற்று நாற்பது. சில்லறை இல்லை என்ற சண்டை ஒழிந்தது, பதிலுக்கு மிட்டாயை நீட்டும் கொடுமையும் ஒழிந்தது. கூடவே சப்ளையரின் மிச்சக் காசும் ஒழிந்தது. அந்தப் பணம் போவது முதலாளியின் வங்கிக் கணக்குக்கு. தட்டு எடுத்தவருக்கு அங்கே கணக்கு இல்லை. 2016இல் யு.பி.ஐ. வந்தபோது யாரும் யாருடைய டீக்காசையும் பறிக்க நினைத்திருக்க மாட்டார்கள். அது தானாக நடந்துவிட்டது.

மாலில் வந்த பில்

அக்கா மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தவன் சென்னையில் ஒரு மாலில் இருந்த உணவகத்துக்கு எங்களை அழைத்துப் போனான். உணவு நன்றாகவே இருந்தது, குறை சொல்ல மனமில்லை. கடைசியில் கறுப்பு அட்டைக்குள் வைத்து பில் வந்தது. சாப்பாடு 2,000 ரூபாய். அதன் கீழே ‘எஸ்.சி. 10%’ என்று 200 ரூபாய். அதற்கும் கீழே மத்திய ஜி.எஸ்.டி. இரண்டரை, மாநில ஜி.எஸ்.டி. இரண்டரை, ஆக ஐந்து சதவீதம், 110 ரூபாய். மொத்தம் 2,310.

நான் அரியலூர்க்காரன். சிமென்ட் மூட்டையையும் சாக்கை உதறி எண்ணுகிற ஊர். 2,000 ரூபாய் சாப்பாட்டுக்கு ஐந்து சதவீத வரி என்றால் 100 ரூபாய்தானே? 110 எப்படி வந்தது? பார்த்தால், சர்வீஸ் சார்ஜையும் சாப்பாட்டோடு கூட்டி, அந்த 2,200 ரூபாய்க்கு வரி போட்டிருக்கிறார்கள். நான் கேளாமலே நன்றி சொல்ல வைத்து, அந்த நன்றிக்கு அரசாங்கத்துக்குப் பத்து ரூபாய் வரியும் கட்ட வைத்திருக்கிறார்கள்.

“இது என்னங்க?” என்று மேலாளரைக் கேட்டேன். “ஸ்டாஃபுக்குப் போறது சார்” என்றார். எங்களுக்குப் பரிமாறிய பையனைத் தனியாகக் கேட்டேன். “சம்பளத்தோட சேந்து வருதுன்னு சொல்றாங்க சார், சரியாத் தெரியல” என்று சொல்லிவிட்டு மேலாளர் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்தான். என் மருமகன் நெளிந்தான். “விடுங்க மாமா, சிங்கப்பூர்ல இதெல்லாம் சாதாரணம்.”

சாதாரணம்தான். அங்கே மெனு அட்டையில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். ஒன்று பத்து சதவீத சர்வீஸ் சார்ஜ், இன்னொன்று 2024 முதல் ஒன்பது சதவீதமாகிவிட்ட ஜி.எஸ்.டி. ஆனால் அந்தப் பத்து சதவீதத்தை ஊழியருக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று அங்கும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பழக்கம் என்பது எங்கேயும் நியாயத்துக்குச் சாட்சி ஆகாது.

நம் ஊரில் இந்த விஷயத்தில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. 2011 முதல் 2017 ஜூன் வரை ஏ.சி. உணவகங்களில் ‘சர்வீஸ் டாக்ஸ்’ என்று ஒன்று இருந்தது. அது அரசாங்க வரி, கட்டித்தான் ஆக வேண்டும். ‘சர்வீஸ் சார்ஜ்’ அரசாங்கத்துக்குப் போவதில்லை. முதல் சொல் ஒன்றாக இருந்ததால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பல ஆண்டுகள் நாம் வாய் திறக்காமல் கட்டினோம். ஜி.எஸ்.டி. வந்து சர்வீஸ் டாக்ஸ் போனது. சர்வீஸ் சார்ஜ் மட்டும் பில்லில் அப்படியே உட்கார்ந்திருந்தது. வரி போலவே முகம் வைத்துக்கொண்டு.

நீதிமன்றம் போன பத்து சதவீதம்

சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2017 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்று பல்லுள்ள அமைப்பு ஒன்று பிறந்தது. 2022 ஜூலை 4 அன்று அது வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. உணவகம் எதுவும் தானாக பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் சூட்டியும் வாங்கக் கூடாது. கட்ட மறுப்பவரை உள்ளே விடமாட்டேன் என்றோ பரிமாறமாட்டேன் என்றோ சொல்லக் கூடாது. சாப்பாட்டுத் தொகையோடு கூட்டி அதன் மேல் ஜி.எஸ்.டி. போடக் கூடாது. விருப்பம் இருந்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

உணவக உரிமையாளர்களின் இரண்டு பெரிய தேசிய சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அதே மாதம் 20ஆம் தேதி இடைக்காலத் தடை கிடைத்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2023 செப்டம்பரில் ஒரு சுவையான இடைக்கால உத்தரவு வந்தது: ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘ஊழியர் பங்களிப்பு’ என்று எழுத வேண்டும், அதுவும் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சொல்லை மாற்றினால் சங்கதி மாறிவிடுமா என்று அப்போது பலர் சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. ‘ஊழியர்’ என்ற சொல் முதன்முறையாக பில்லுக்குள் வந்தது அப்போதுதான்.

2025 மார்ச் 28 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் தீர்ப்புச் சொன்னார். சங்கங்களின் மனுக்கள் தள்ளுபடி. நெறிமுறைகள் செல்லும். கட்டாயமாக வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை. மனுதாரர் ஒவ்வொருவரும் ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். வாடிக்கையாளர் விரும்பிக் கொடுக்கும் டிப்ஸுக்கு இந்தத் தீர்ப்பால் எந்தத் தடையும் இல்லை. அடுத்த மாதமே, வாங்கிய தொகையைத் திருப்பித் தராத டெல்லி உணவகங்கள் ஐந்தின் மேல் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போனபோது அங்கும் சூடான கேள்விதான் காத்திருந்தது: இருபது ரூபாய்த் தண்ணீர்ப் பாட்டிலை நூறு ரூபாய்க்கு விற்கிறீர்களே, அந்த எண்பது ரூபாய் உங்கள் உபசரிப்புக்குத்தானே, அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் எதற்கு?

உரிமையாளர்கள் பக்கமும் ஒரு பேச்சு இருக்கிறது, அதைக் கேட்காமல் போவது சரியில்லை. மெனு அட்டையில் முன்கூட்டியே அச்சிட்டிருக்கிறோம், அதைப் பார்த்துவிட்டுத்தானே உட்காருகிறார்கள் என்கிறார்கள். டிப்ஸ் என்றால் மேசைக்கு வருகிறவருக்கு மட்டும் கிடைக்கும், சர்வீஸ் சார்ஜ் என்றால் அடுப்படியில் வேகிறவர், பாத்திரம் தேய்க்கிறவர் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்கிறார்கள். தொழிற்சங்கங்களோடு அப்படி ஒப்பந்தம் போட்ட இடங்களும் உண்டு என்கிறார்கள்.

இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. மாஸ்டர் கையில் யாரும் பத்து ரூபாய் வைப்பதில்லை. பின்கட்டில் ஈரத்தில் நின்று பாத்திரம் கழுவும் அம்மாவை வாடிக்கையாளர் பார்ப்பதே இல்லை. ஆனால் அவர்களுக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பது யார் பொறுப்பு? தோசை விலையை ஐந்து ரூபாய் ஏற்றி, அந்த ஐந்து ரூபாயை அவர்கள் சம்பளத்தில் போடுவதை எந்தச் சட்டம் தடுக்கிறது? விலையை ஏற்றினால் கூட்டம் குறையும், எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். விலையைக் குறைவாகக் காட்டிவிட்டு மிச்சத்தை அடிவரியில் பிடித்துக்கொள்வது சௌகரியம். சம்பளம் கொடுக்கும் கடமையை நன்றி என்ற துணியில் சுற்றி என் தலையில் வைத்தார்கள் என்பதுதான் என் குறை. இருநூறு ரூபாய் பெரிதில்லை.

கல்லில் வெட்டிய கூலி

திருமழபாடிக் கோயிலுக்கு ஒரு விசேஷம் உண்டு. முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் இந்தக் கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டச் சொன்னான். பிரிப்பதற்கு முன், சுவரில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்து வைக்க வேண்டும் என்பது ஆணை. அவன் மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவற்றைப் புதிய சுவரில் திரும்ப வெட்டினார்கள். யார் என்ன கொடுத்தார்கள், அதிலிருந்து யாருக்கு என்ன போக வேண்டும் என்ற கணக்கு ஒரு தலைமுறை மாறினாலும் அழிந்துவிடக் கூடாது என்ற கவலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், தஞ்சைப் பெரிய கோயிலில், ஆடல் மகளிர் 400 பேருக்கும் ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் கொண்ட ஒரு பங்கும் என்று பேர் பேராகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சேவைக்கு இவ்வளவு என்று வெயிலிலும் மழையிலும் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கும்படி எழுதிவைத்த மண் இது. இன்றைக்கு ஒரு சப்ளையரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பக்கக் களத்துமேட்டிலும் ஒரு முறை இருந்தது. அறுவடை முடிந்து நெல்லை அளக்கும்போது, கொல்லர், தச்சர், வண்ணார், நாவிதர், காவல்காரர் என்று ஊர் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பங்கு பிரியும். பழைய வருவாய்க் கணக்குகளில் அதற்குச் ‘சுதந்திரம்’ என்றே பெயர். விடுதலை என்ற பொருளில் இல்லை, உரிமைப் பங்கு என்ற பொருளில். அந்தக் காலத்தை நான் தங்கத்தட்டில் வைக்கவில்லை. அந்தப் பங்குக்குள்ளேயே சாதியும் அளந்து போடப்பட்டிருந்தது. இன்னார் இன்ன வேலை, இன்னாருக்கு இவ்வளவு மரக்கால், மாற முடியாது. ஆனால் அது பிச்சை இல்லை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

இப்போது ஓட்டல் வேலை எப்படி நடக்கிறது? பெரும்பாலும் தினக்கூலி, மூன்று வேளைச் சாப்பாடு, கடை மாடியிலோ பின்புறமோ படுக்க இடம். ஓட்டல் தொழிலுக்கென்று 1958ஆம் ஆண்டிலேயே இங்கே உணவு நிறுவனங்கள் சட்டம் போட்டார்கள். வேலை நேரம், ஓய்வு, வார விடுமுறை எல்லாம் அதில் உண்டு. குறைந்தபட்சக் கூலியும் அரசு நிர்ணயிப்பதுதான். காகிதத்தில் குறையில்லை. காலை ஐந்து மணிக்கு அடுப்பு பற்றவைத்து இரவு பதினொன்றுக்குத் தரை கழுவும் கடையில் அந்தக் காகிதம் எந்த ஆணியில் தொங்குகிறது என்பதுதான் கேள்வி. உள்ளூர்ப் பையன்கள் இந்த வேலைக்கு வருவது குறைந்துவிட்டது. தஞ்சாவூர் போகிற சாலையிலும் திருச்சி போகிற சாலையிலும் சிமென்ட் லாரி டிரைவர்களுக்குப் புரோட்டா பரிமாறுகிறவர்களில் பலர் ஒடிசா, பீகார், அசாம் பிள்ளைகள். ‘இன்னும் சால்னா?’ என்று அவர்கள் கேட்கும் தமிழில் அந்த இரண்டு சொல் மட்டும் சுத்தமாக இருக்கிறது.

டிப்ஸ் சம்பளம் ஆகாது என்பதில் சட்டமும் தெளிவாக இருக்கிறது. கார்டில் வாடிக்கையாளர் சேர்த்துக் கொடுத்த டிப்ஸை ஒரு பெரிய ஓட்டல் நிறுவனம் ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்த வழக்கில், அது சம்பளம் இல்லை, நிறுவனம் அதில் வரி பிடிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னது. ஊழியருக்குச் சாதகமான தீர்ப்பு போலத்தான் தெரியும். மறுபக்கம் என்னவென்றால், சம்பளமில்லாத பணம் பி.எஃப். கணக்கில் ஏறாது. டிப்ஸை நம்பி இருபது வருஷம் ஓடிய கால்கள் ஓயும்போது, அந்த டிப்ஸுக்கு ஓய்வூதியம் கிடையாது.

அமெரிக்காவில் இந்தக் கூத்து உச்சத்தில் இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பின், விடுதலையான கறுப்பின மக்களை ரயிலிலும் உணவகத்திலும் வேலைக்கு வைத்த முதலாளிகள் சம்பளத்தை மிச்சம் பிடிக்க, வாடிக்கையாளர் தரும் காசைக் காட்டினார்கள். அந்தப் பழக்கம் சட்டமாகவே ஆகிவிட்டது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டிய மத்திய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991இல் நின்ற எண், இன்னும் நகரவில்லை. பல மாநிலங்கள் அதைவிட அதிகம் நிர்ணயித்திருக்கின்றன என்பது உண்மைதான். இருந்தாலும் அங்கே பதினைந்து, இருபது சதவீதம் வைக்காமல் எழுந்தால் அது அநியாயம் என்று நம் பிள்ளைகள் சொல்வது அதனால்தான். அது அந்த ஊழியரின் சம்பளம். ஜப்பானில் நேர் எதிர். மேசையில் காசை விட்டுவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்கள். பிரான்ஸில் விலைக்குள்ளேயே சேவை அடங்கிவிடும். பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், வாடிக்கையாளர் தரும் டிப்ஸிலும் சர்வீஸ் சார்ஜிலும் முதலாளி ஒரு காசும் எடுக்காமல் ஊழியருக்கே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம். நம்மூருக்கு உடனே வேண்டியது இந்தக் கடைசிச் சட்டம்தான் என்பது என் கட்சி. இங்கே டெல்லி வழக்கு முழுக்க வாடிக்கையாளரின் உரிமை பற்றியே நடந்தது. தட்டு எடுத்தவருக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி ஓரமாகவே நின்றது.

எவ்வளவு, எப்படி, யாருக்கு

நண்பர்கள் கேட்பது இந்த மூன்றைத்தான். சதவீதக் கணக்கு நம் பழக்கமில்லை. நூற்று நாற்பது ரூபாய் டிபனுக்குப் பத்து ரூபாய் கொடுங்கள், குடும்பத்தோடு ஆயிரத்து ஐந்நூறுக்குச் சாப்பிட்டால் ஐம்பதோ நூறோ கொடுங்கள். குழந்தை சாம்பாரைக் கவிழ்த்து, பாயசத்தைத் தரையில் ஊற்றி, மேசையையே களமாக்கிவிட்டு எழுந்தால் கூடவே கொடுங்கள். நின்று சாப்பிடும் கடை, டோக்கன் வாங்கி நாமே எடுத்துக்கொள்ளும் கடை, பார்சல், இங்கெல்லாம் அவசியமில்லை. சாப்பாடு வீட்டுக்கு வந்தால், மழையில் நனைந்து கொண்டுவந்த பிள்ளையின் கையில் கொடுங்கள். செயலி வாங்கும் பிளாட்ஃபார்ம் கட்டணத்தை அவருக்கான டிப்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள், அது நிறுவனத்துக்கு. வண்டி வருவதற்கு முன்பே டிப்ஸ் கேட்ட டாக்சி செயலி ஒன்றுக்கு அதே மத்திய ஆணையம் 2025 மே மாதம் நோட்டீஸ் அனுப்பியது. வேலைக்கு முன்னால் கேட்கும் காசுக்கு நம் ஊரில் வேறு பெயர் இருக்கிறது.

கொடுக்கக் கூடாத இடமும் உண்டு. சிற்றூரில் புருஷன் தோசை ஊற்ற, பெண்சாதி பரிமாறும் கடைகள் இருக்கின்றன. அங்கே கடைக்காரம்மா கையில் பத்து ரூபாய் நீட்டினால் முகம் சுருங்கிவிடும். “அக்கா, சட்னி அபாரம்” என்று சொல்லிவிட்டு வாருங்கள், அடுத்த முறை ஒரு கரண்டி கூட விழும். பந்தியில் பரிமாறும் சொந்தக்காரப் பையனுக்கு யாராவது டிப்ஸ் கொடுப்பார்களா? அது மாதிரி.

இன்னொன்று, இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. விரலைச் சொடுக்கி, ‘ஏய்’ என்று கூப்பிட்டு, மூன்று முறை தண்ணீருக்கு ஓடவைத்து, கடைசியில் ஐம்பது ரூபாய்த் தாளை அலட்சியமாகத் தட்டில் எறிந்துவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஐம்பது ரூபாயைவிட, காசு எதுவும் கொடுக்காமல் ‘தம்பி’ என்று கூப்பிட்டுவிட்டுப் போகிறவர் மேல். 1964இல் ‘சர்வர் சுந்தரம்’ வந்து நாகேஷ் சுமந்த டம்ளர் அடுக்கைப் பார்த்து ஊரே கைதட்டியது. கைதட்டியவர்கள் மறுநாள் ஓட்டலில் சர்வரைப் பேர் கேட்டார்களா என்பது வேறு விஷயம்.

சர்வீஸ் சார்ஜ் போட்ட பில் வந்தால் என்ன செய்வது? சத்தம் போட வேண்டாம். முக்கியமாக, அந்தப் பையனிடம் கோபப்பட வேண்டாம், அவன் பில் போடவில்லை. மேலாளரிடம் அந்த வரியை எடுத்துவிட்டு வேறு பில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிடுவார்கள், எங்களுக்கும் எடுத்தார்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பில்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு அந்த இருநூறு ரூபாயை வெற்றிக் கோப்பை மாதிரி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடக் கூடாது. நான் நடந்திருப்பேன். என் மருமகன்தான் பாதி வழியில் திரும்பிப் போய் அந்தப் பையன் கையில் நூறு ரூபாயை வைத்துவிட்டு வந்தான். அவன் தாத்தாவை அவன் பார்த்ததே இல்லை.

மழபாடிக்காரர்களுக்குக் கேட்பது பற்றி ஒரு கதை தெரியும். சுந்தரர் ஆற்றுக்குத் தென்பக்கம் திருவாலம்பொழிலில் தங்கியிருந்த இரவில் சிவன் கனவில் வந்து, மழபாடிக்கு வர மறந்துவிட்டாயோ என்று கேட்டாராம். விழித்ததும் புறப்பட்டு வந்து பாடினார். அந்தப் பதிகம் இன்றும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மேடையில் முதலில் பாடக் கற்கும் பாட்டுகளில் ஒன்று. கேட்டு வாங்கிய பாட்டுதான், ஆனால் கேட்டவர் தோழர். தம்பிரான் தோழர் என்றே சுந்தரருக்குப் பெயர். நட்பு இருக்கிற இடத்தில் கேட்கலாம். அச்சடித்த அடிவரிக்கு அந்த உரிமை இல்லை.

நந்தி கல்யாணத்துக்கும் ஒரு பின்கதை உண்டு. கல்யாணத்துக்குச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் உதவி செய்தன என்பார்கள். திருச்சோற்றுத்துறையிலிருந்து சோறு, திருப்பழனத்திலிருந்து பழம், திருப்பூந்துருத்தியிலிருந்து பூ, தில்லைஸ்தானத்திலிருந்து நெய், திருக்கண்டியூரிலிருந்து நகை, திருவேதிகுடியிலிருந்து வேதம் ஓதுகிறவர்கள். கல்யாணம் முடிந்ததும் ஐயாறப்பர் ‘வந்தவர்களுக்கு நன்றி’ என்று பலகை எழுதி மாட்டவில்லை. சித்திரையில் மணமக்களையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு ஊருக்கும் நேரே போகிறார். அதுதான் ஏழூர்த் திருவிழா. நெய் கொடுத்த ஊருக்கும் போகிறார், சோறு வடித்த ஊருக்கும் போகிறார்.

அடுத்த பங்குனியில் நந்தி கல்யாணத்துக்கு வந்தால், கொட்டகை ஓரத்துக் கடையில் தோசை சாப்பிடுங்கள். திரும்பும் வழியில் திருவையாற்றில் அசோகா அல்வா வாங்குங்கள். செல்போனை நீட்டும் முன் சட்டைப்பையில் இரண்டு பத்து ரூபாய்த் தாள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று பரிமாறியவருக்கு. இன்னொன்றை எடுத்துக்கொண்டு நாலு அடி உள்ளே போங்கள், பாத்திரம் தேய்க்கிற இடம் பின்கட்டில் இருக்கும்.